மோஷன் டெஸ்டில் குடல் கேன்சர் தெரியுமா? மெதில் குறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு லேபில் மாதிரி வாங்குவதும் ரிப்போர்ட் கொடுப்பதுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். கொஞ்ச நாளாக கவுண்டரில் வந்து நிற்பவர்கள் போனை நீட்டி, "ரத்தத்திலேயே குடல் கேன்சரைக் கண்டுபிடிக்கிறாங்களாமே, இங்க பண்றீங்களா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது மெதில் டெஸ்டை, அதாவது ரத்தத்திலோ மலத்திலோ இருக்கும் டிஎன்ஏ-வில் மெதில் என்ற வேதிக் குறியைத் தேடும் டெஸ்டை. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"குடல் கேன்சரும் வயித்து கேன்சரும் ஒண்ணுதானே?"

இல்லை. சாப்பாடு போய் விழும் இடம் இரைப்பை. அதற்குப் பிறகு சிறுகுடல், அதற்கும் பிறகு பெருங்குடல். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசி 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். இந்த இரண்டு இடத்திலும் வருவதைச் சேர்த்துத்தான் பெருங்குடல் புற்றுநோய் என்கிறோம். 2022 கணக்குப்படி உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 19 லட்சம் பேருக்கும், இந்தியாவில் சுமார் 70,000 பேருக்கும் புதிதாக வருகிறது.

பெரும்பாலும் இது குடலின் உள்சுவரில் ஒரு சின்ன சதை வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கும். அதைப் பாலிப் என்பார்கள். எல்லாப் பாலிப்பும் புற்றுநோயாக மாறாது. மாறுகிறவையும் சாதாரணமாகப் பத்து வருடம் வரை எடுத்துக்கொள்ளும். கீழே வரப்போகும் எல்லா டெஸ்டுக்கும் அர்த்தம் கொடுப்பது அந்தப் பத்து வருட அவகாசம்தான். பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அது புற்றுநோயாக மாறுவதற்கே வழியில்லை.

"எனக்கு ரெண்டு மாசமா ரத்தம் போகுது. இந்த மெதில் டெஸ்ட் எடுத்தா போதுமா?"

போதாது. இந்தக் கேள்விதான் என்னைக் கோபப்படுத்தும், ஆனால் கோபம் கேட்பவர் மேல் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைச் சலித்துப் பார்ப்பதற்காக வந்தவை இந்த டெஸ்டுகள். ரத்தம் போகிறவருக்குச் சல்லடை வேண்டாம், நேராக டாக்டர் வேண்டும். மலத்தில் ரத்தம், வழக்கமாகப் போகிற பழக்கம் சில வாரமாக மாறியிருப்பது, போன பிறகும் முழுசாகப் போகாத மாதிரி இருப்பது, காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் 9 என்று இறங்குவது, இதில் ஏதாவது இருந்தால் லேபுக்கு வராதீர்கள்.

எங்கள் சித்தப்பா வலங்கைமான் பக்கம் விவசாயம். ரத்தம் போனதை மூலம் என்றே நினைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று போர்டு போட்ட ஒரு இடத்தில் எட்டு மாதம் மருந்து வாங்கிச் சாப்பிட்டார். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டி மலக்குடலில், விரல் எட்டும் தூரத்தில் இருந்தது. கையுறை போட்ட ஒரு விரல் முதல் மாதமே கண்டுபிடித்திருக்கும். அந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட விரல் வைத்துப் பார்க்கவில்லை.

"மெதிலேஷன், மெதிலேஷன்னு சொல்றீங்களே, அது என்னதுங்க? புரியற மாதிரி சொல்லுங்க."

நம்ம ஊர் பாசனத்தை வைத்தே சொல்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்காலும் நல்லபடி இருக்கிறது. ஆனால் உங்கள் வாய்க்காலின் தலைப்பு மதகில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்றால் கடைமடை வயலுக்கு ஒரு சொட்டு வராது. வயலில் குறையில்லை, வாய்க்காலில் குறையில்லை, மதகு மட்டும் மூடியிருக்கிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டிஎன்ஏ, நான்கு எழுத்துகளால் எழுதிய நீண்ட வரி. அதில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மெதில் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்பன் அணு, மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். இது நோய் இல்லை. எந்தச் செல்லில் எந்த ஜீன் வேலை செய்யவேண்டும் என்று உடம்பு இதையும் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கான ஜீன் குடலில் மூடித்தான் இருக்கவேண்டும். ஆனால் ஒரு ஜீனின் தலைப்புப் பகுதியில், மூடக்கூடாத இடத்தில், இந்தக் குறிகள் கூட்டமாக ஏறினால் அந்த ஜீன் வேலையை நிறுத்திவிடும். செல் கண்டபடி பெருகாமல் பிடித்து வைத்திருந்த ஜீனாக அது இருந்தால், பிடி விட்டுப்போகும்.

"அப்ப ஜீன் கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? மியூட்டேஷன்னு சொல்வாங்களே?"

மியூட்டேஷன் என்றால் எழுத்தே மாறிப்போவது, அதாவது கரை உடைந்த வாய்க்கால். மெதிலேஷனில் எழுத்து அப்படியே இருக்கும், மதகு மட்டும் மூடியிருக்கும். புற்றுநோயில் இரண்டும் நடக்கும்.

கண்டுபிடிக்கிற வேலைக்கு மெதிலேஷன் ஏன் வசதி? கரை எங்கே வேண்டுமானாலும் உடையும், ஆளுக்கு ஆள் இடம் மாறும். மலத்தில் உள்ள டிஎன்ஏ-வில் கேராஸ் என்ற ஜீனின் மியூட்டேஷனைப் பார்க்கலாம் என்று 1992-லேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு மியூட்டேஷன் எல்லார் கட்டியிலும் இருக்காது. மதகு விஷயம் அப்படி இல்லை. பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் அதே சில ஜீன்களின் தலைப்புதான் மூடியிருக்கிறது. அதிலும் பல, பாலிப்பாக இருக்கும்போதே மூடிவிடுகின்றன. அதனால் நாலைந்து மதகைப் பார்த்தாலே போதும். அந்த மதகுகளின் பெயர்கள்: செப்டின்9, எஸ்டிசி2, என்டிஆர்ஜி4, பிஎம்பி3, வைமென்டின். இதில் எல்லாமே புற்றுநோயைத் தடுக்கும் ஜீன் என்று நினைக்கவேண்டாம். வைமென்டின் மாதிரி சிலது நல்ல குடல் செல்லிலும் சும்மாதான் இருக்கும். அங்கே குறி ஏறியிருப்பது நோய்க்குக் காரணம் இல்லை, நோய் நடந்துபோன வழியில் பதிந்த கால்தடம். கண்டுபிடிக்கக் கால்தடம் போதும்.

"கட்டி குடல்ல இருக்கு. கையில குத்தி எடுக்கற ரத்தத்துல எப்படித் தெரியும்?"

செல்கள் செத்து உடையும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டுதுண்டாக ரத்தத்தில் கலக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான், அதில் பெரும்பகுதி வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. கட்டி இருந்தால் அதன் துண்டுகளும் கொஞ்சம் சேரும். கட்டி சின்னதாக, குடல் சுவரின் மேல்பரப்பில் மட்டும் இருக்கும்போது ரத்தத்துக்கு வரும் அளவு மிகமிகக் குறைவு. ஆற்றில் விழுந்த ஒரு பிடி சாம்பலைத் தேடுகிற கதை.

மலம் வேறு. கட்டியும் பாலிப்பும் குடலின் உள்பக்கம் இருப்பதால் அவற்றின் செல்கள் நேராக மலத்தின் மேல் உதிர்கின்றன. அதனால் பாலிப்பைப் பிடிக்க மலம்தான் நல்ல மாதிரி. மக்களுக்குப் பிடிப்பதோ ரத்தம். இந்த இழுபறி இந்தத் துறையில் இன்னும் தீரவில்லை.

"அந்தக் குறியை மைக்ராஸ்கோப்ல பார்ப்பீங்களா?"

மெதில் குறி எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கொள்ளிடத்துக்கு வடகரையில் கோடாலிக்கருப்பூர் என்று ஒரு ஊர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை நெய்து கொடுத்த ஊர். அங்கே துணியில் மெழுகால் வரைந்துவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறாது, பழைய நிறமே நிற்கும்.

இங்கேயும் அதே வேலைதான். டிஎன்ஏ-வை பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் போட்டால், குறி இல்லாத சைட்டோசின் எல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும். மெதில் குறி உள்ளது மட்டும் மாறாமல் நிற்கும். அப்புறம் கொரோனா காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட அதே பிசிஆர் முறையில், மாறாமல் நின்ற வரியை மட்டும் பெருக்கிப் பார்ப்பார்கள். ஒரு சங்கடம், பைசல்ஃபைட் டிஎன்ஏ-வை நிறையச் சிதைத்துவிடும். ஏற்கெனவே ஒரு பிடி சாம்பல், அதிலும் பாதிக்கு மேல் வழியில் போய்விடும். மாதிரி எடுப்பதிலும் அனுப்புவதிலும் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

"சுத்தி வளைக்காம எந்த டெஸ்ட் நல்லதுன்னு பேரைச் சொல்லுங்க."

மலத்தில் செய்வதில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்காவின் கொலோகார்ட். 2014-ல் அங்கே அனுமதி கிடைத்தது. என்டிஆர்ஜி4, பிஎம்பி3 இரண்டின் மெதில் குறி, கேராஸ் மியூட்டேஷன், அதோடு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரே முடிவு சொல்லும். 9,989 பேருக்கு இதையும், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தை மட்டும் பார்க்கும் எஃப்ஐடி டெஸ்டையும், கடைசியில் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியையும் செய்து பார்த்தார்கள். 65 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. கொலோகார்ட் 60 பேரைப் பிடித்தது, எஃப்ஐடி 48 பேரை. வேறு மெதில் குறிகளைப் பார்க்கும் இதன் அடுத்த பதிப்புக்கு 2024-ல் அனுமதி கிடைத்தது. கொரியாவிலும் சீனாவிலும் எஸ்டிசி2 ஒன்றை மட்டும் மலத்தில் பார்க்கும் டெஸ்டுகள் உண்டு.

ரத்தத்தில் முதலில் அமெரிக்க அனுமதி வாங்கியது, 2016-ல், செப்டின்9 பார்க்கும் எபி புரோகோலான். தொந்தரவு இல்லாத ஏறத்தாழ 8,000 பேரிடம் செய்த ஆய்வில், இருந்த புற்றுநோயில் பாதியைத்தான் (48 சதவீதம்) அது பிடித்தது. 2024-ல் வந்த ஷீல்ட் என்ற ரத்தப் பரிசோதனை 83 சதவீதத்தைப் பிடிக்கிறது, ஆனால் ஆபத்தான பாலிப்பில் 13 சதவீதத்தைத்தான்.

என்னைக் கேட்டால், எது நல்லது என்பதை விட எதை விடாமல் செய்வீர்கள் என்று யோசிப்பேன். எஃப்ஐடி சில நூறு ரூபாயில் முடிகிறது. வருடாவருடம் செய்யலாம். கொலோகார்ட் அமெரிக்காவில் 500 டாலருக்கு மேல். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மலத்தில் ரத்தம் பார்க்கும் பழைய முறையை வருடாவருடம் செய்தால் இந்த நோயால் சாவது 33 சதவீதம் குறைகிறது என்று 1993-லேயே மின்னசோட்டா ஆய்வு காட்டிவிட்டது. அந்த மாதிரி நீண்ட கால நிரூபணம் மெதில் டெஸ்டுகளுக்கு இன்னும் வரவில்லை.

"அப்ப மெதில் டெஸ்டால என்னதான் லாபம்? மோஷன்ல ரத்தம் இருக்கான்னு பார்த்தாலே போதுமே."

ரத்தம் கசியாத பாலிப்பும் இருக்கிறதே. பெருங்குடலின் வலப்பக்கத்தில் தட்டையாக, பாசி படிந்த மாதிரி ஒரு வகை வளரும். அது சுலபத்தில் ரத்தம் கசியாது, ஸ்கோப்பிலேயே கண்ணுக்குத் தப்பும். ஆனால் அந்த வகையில்தான் மெதில் குறி ஏகத்துக்கு ஏறியிருக்கும். மேலே சொன்ன 9,989 பேர் ஆய்வில், ஒரு சென்டிமீட்டருக்கு மேலான அந்த வகையில் எஃப்ஐடி 5 சதவீதத்தைப் பிடித்தது, கொலோகார்ட் 42 சதவீதத்தை. மெதில் குறிக்கு இருக்கும் மரியாதை எனக்கு இந்த ஒரு எண்ணால் வந்ததுதான்.

"கொலோகார்டுக்கு 92 சதவீதம்னு போட்டிருக்கு. பாசிட்டிவ் வந்தா 92 சதவீதம் கேன்சர்னு தானே?"

படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. போன வருடம் கணக்கு வாத்தியார் ஒருவரே இப்படிக் கேட்டார். 92 என்பது, புற்றுநோய் இருக்கிறவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்கிறது என்ற எண், மேலே சொன்ன 65-க்கு 60. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்பது வேறு எண்.

அதே ஆய்வை எடுங்கள். சுமார் 10,000 பேரில் 16 சதவீதத்துக்கு, அதாவது 1,600 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. அதில் புற்றுநோய் 60 பேருக்கு. நூற்றுக்கு நான்குகூட முழுசாக இல்லை. இன்னொரு 20 சதவீதம் பேருக்கு ஆபத்தான பாலிப் இருந்தது, அது பிடிபட்டதும் லாபம்தான். மீதிப்பேருக்குச் சின்னப் பாலிப்போ, ஒன்றுமே இல்லாமலோ இருந்தது. எஃப்ஐடியில் பாசிட்டிவ் 7 சதவீதம்தான், வீண் பயம் குறைவு. நம் பக்கம் இந்த நோய் அமெரிக்கா அளவுக்கு இல்லை. நோய் குறைவாக இருக்கும் ஊரில் அதே டெஸ்டைச் செய்தால் பாசிட்டிவில் வீணானவை இன்னும் கூடும். டெஸ்ட் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, கணக்கு அப்படி.

"பாசிட்டிவ் வந்துடுச்சு. வேற லேப்ல இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கட்டுமா?"

வேண்டாம். இரண்டாவது நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்? சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். முதல் பாசிட்டிவ் அப்படியே நிற்கும். மெதில் டெஸ்டோ எஃப்ஐடியோ, பாசிட்டிவ் வந்தால் அடுத்தது ஒன்றுதான்: கொலோனோஸ்கோபி. அதையும் மாதக்கணக்கில் தள்ளக்கூடாது. ஸ்கோப் செய்யப் போவதே இல்லை என்று முன்கூட்டியே முடிவு எடுத்திருந்தால், இந்த டெஸ்டைச் செய்து காசைக் கரைக்கவேண்டாம்.

குடல் சுத்தமாக இருந்து, கடைசி வரை போய் நன்றாகப் பார்த்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், பாசிட்டிவ் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலையத் தேவையில்லை. ரத்தத்தில் செப்டின்9 பாசிட்டிவ் என்றால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். கல்லீரல் புற்றுநோய் மாதிரி வேறு சிலவற்றிலும் அந்தக் குறி ஏறும்.

"நெகட்டிவ். இனிமே கவலை இல்லைதானே?"

புற்றுநோய் இருக்க வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். ஆபத்தான பாலிப்பில் பாதிக்கு மேல் கொலோகார்டிலேயே தப்பிவிடுகிறது. எஃப்ஐடி என்றால் வருடாவருடம், மல டிஎன்ஏ என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நடுவில் ரத்தம் போனால் நெகட்டிவ் ரிப்போர்ட்டை மறந்துவிட்டு, இரண்டாவது கேள்விக்குப் போங்கள்.

"கொலோனோஸ்கோபின்னாலே பயமா இருக்கு. அந்த மருந்துத் தண்ணியைக் குடிக்கவே முடியாதாமே?"

டெஸ்டை விட மருந்துதான் தொல்லை என்று செய்துகொண்ட எல்லாரும் சொல்வார்கள். நானும் 51 வயதில் செய்துகொண்டேன். ஒரு பொட்டலம் தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடிக்கவேண்டும். உப்பும் இனிப்பும் சேர்ந்து ஒரு மாதிரி வழுவழு. நான்காவது டம்ளரில் குமட்டியது. பிரிட்ஜில் வைத்துச் சில்லென்று குடித்தேன், பரவாயில்லாமல் இருந்தது. எலுமிச்சை பிழியலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். சிவப்பு நிறத்தில் எதுவும் குடிக்காதீர்கள், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும்.

சின்ன வயதில் சனிக்கிழமை காலையில் பாட்டி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்குக் கொடுத்தது ஞாபகம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் விளக்கெண்ணெயே போதுமே என்று நீங்களாக மாற்றிக்கொள்ளக்கூடாது, குடல் அவ்வளவு சுத்தமாகாது. கடைசியில் வெளியே போவது கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி தெளிவாக வரவேண்டும். மறுநாள் மயக்க ஊசி போட்டார்கள், எழுந்தபோது முடிந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

"எனக்கு மூலம் இருக்கு. டெஸ்ட் தப்பாக் காட்டுமா?"

எஃப்ஐடிக்கு மூலத்தின் ரத்தமும் ரத்தம்தான், கட்டியின் ரத்தமும் ரத்தம்தான். கொலோகார்டிலும் ரத்தம் பார்க்கும் பகுதி இருக்கிறது. மூலத்தில் ரத்தம் வரும் நாளிலும், பெண்கள் மாதவிலக்கு நாளிலும் மாதிரி எடுக்கவேண்டாம். ஆனால் பாசிட்டிவ் வந்த பிறகு "அது என் மூலத்தால்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மூலம் இருக்கிற ஆளுக்குக் கட்டி வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

"கறி, மீன் சாப்பிட்டா ரிசல்ட் மாறுமா? வெத்தலை போட்டா?"

பழைய மோஷன் டெஸ்டில் மாறும், அதில் ஆட்டு ரத்தமும் மனுச ரத்தமும் ஒன்றுதான். மூன்று நாள் கறி கூடாது என்று சொன்னதெல்லாம் அந்தக் காலம். எஃப்ஐடி மனித ரத்தத்தை மட்டும் பார்க்கும், மெதில் டெஸ்ட் மனித ஜீனை மட்டும் பார்க்கும். ஆற்று மீன், கடல் மீன், கும்பகோணம் வெற்றிலை எதுவும் தடையில்லை. இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கருப்பாகப் போகும், அதுவும் ரிசல்டை மாற்றாது.

"எங்கப்பாவுக்கு 48 வயசுல குடல் கேன்சர். எனக்கும் அந்த மெதில் ஒட்டிக்கிட்டே பொறந்திருப்பேனா?"

இல்லை. கட்டியில் ஏறும் மெதில் குறி வாழ்நாளில் அந்தச் செல்லில் ஏறுவது, அபூர்வமான சில குடும்பங்கள் தவிர பரம்பரையாக வருவதில்லை. பரம்பரையாக வருவது கரை உடைப்பு, அதாவது மியூட்டேஷன். அதில் முக்கியமானது லிஞ்ச் சிண்ட்ரோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எம்எல்ஹெச்1 என்ற ஜீன் நின்றுபோனால் ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டி வரும். அது லிஞ்ச் குடும்பத்தில் மியூட்டேஷனால் நிற்கும், வயதானவர்களுக்கு மெதில் ஏறி நிற்கும். அதனால் கட்டியில் எம்எல்ஹெச்1 மெதில் குறி இருந்தால், பெரும்பாலும் பரம்பரைக் கேள்வியே எழாது. அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு மலமும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், நேராகக் கொலோனோஸ்கோபி. 40 வயதில், அல்லது அப்பாவுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது. உங்கள் கணக்குக்கு 38. லிஞ்ச் என்று தெரிந்தால் இன்னும் சின்ன வயதிலேயே ஆரம்பிப்பார்கள்.

"மெதில் ஏறுதுன்னா, ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டு சரிபண்ணலாமா? முருங்கைக்கீரை?"

ஃபோலேட் சத்து உடம்பில் மெதில் கைமாறும் வேலையில் இருப்பது நிஜம். அதை வைத்து, முன்பு பாலிப் எடுத்தவர்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. பாலிப் குறையவில்லை. பின்னாளில் ஆபத்தான பாலிப்புகள் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தன. மதகு வேறு, தண்ணீர் வேறு. தண்ணீரைக் கூட்டினால் ஷட்டர் தானாக ஏறாது. முருங்கைக்கீரையை ருசிக்குச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு காரணத்துக்கு, அதை நிறுத்தவே கூடாது.

"வயசானா எல்லாருக்கும் மெதில் ஏறுமாமே. எங்கம்மாவுக்கு 78. எடுக்கலாமா?"

ஏறும். வயது கூடக் கூட நல்ல குடலிலும் சில இடங்களில் குறி ஏறுகிறது, அதனால் முதியவர்களுக்கு வீண் பாசிட்டிவ் அதிகம். 45-லிருந்து 75 வரைக்கும்தான் அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஆளைப் பார்த்துத்தான் முடிவு. 78 வயதில் ஸ்கோப்புக்கான பேதி மருந்தை அம்மாவின் உடம்பு தாங்குமா என்று முதலில் யோசியுங்கள்.

"வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கறாங்க. இதையும் பார்ப்பாங்களா?"

இதுவரை இல்லை. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் முக்கியமாக பிரஷர், சுகருக்கானது. தேசிய அளவில் புற்றுநோய்க்குச் சலித்துப் பார்ப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும்தான், பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பான் 1992-லிருந்து நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் எஃப்ஐடி செய்கிறது. தொந்தரவு இருப்பவர்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சிகிச்சை என்று வந்துவிட்டால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

"பையன் அமெரிக்காவுல இருக்கான். அந்த கொலோகார்ட் டப்பாவை வாங்கி அனுப்பறேங்கறான். இங்கேருந்து மோஷனை அனுப்பலாமா?"

சிரிக்காதீர்கள், வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அந்த டெஸ்டுக்கு முழு மலத்தையும் திரவம் ஊற்றி மூடி, மூன்று நான்கு நாளுக்குள் அமெரிக்காவில் உள்ள அவர்கள் லேபுக்குச் சேர்த்தாகவேண்டும். கும்பகோணத்திலிருந்து கூரியரில் போட்டு, விமானம் ஏற்றி, கஸ்டம்ஸ் தாண்டி அது போய்ச் சேர்வதற்குள் டிஎன்ஏ-வில் ஒன்றும் மிஞ்சாது. அங்கிருக்கும் டாக்டர் சீட்டும் வேண்டும்.

கடைசியாக இதைக் கேட்டவர் நாச்சியார்கோவில் அம்மா ஒருவர். அவருக்கு எஃப்ஐடி டப்பாவைக் கொடுத்து, பையன் அனுப்புகிற காசை ஒருவேளை ஸ்கோப் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நம்ம ஊர் கக்கூஸில் எப்படி எடுப்பது என்று கேட்டார். பழைய பேப்பரை இரண்டாக மடித்து விரித்து, தண்ணீரும் மூத்திரமும் படாமல் அதன் மேல் போய், டப்பாவின் குச்சியால் நாலைந்து இடத்தில் கீறி எடுத்து மூடிவிட்டால் முடிந்தது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துச் சுற்றினால் ரத்தம் சிதைந்து பொய்யாக நெகட்டிவ் வரும், அன்றைக்கே கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். டப்பாவின் மேல் வயது எழுதவில்லை. கேட்டதற்கு 61 என்றார். ஆதாரில் 66 இருந்தது.